மனவாயிற் காவல்

எமது கல்லூரியில் உடன் படிப்பிக்கும் கத்தோலிக்க ஆசிரியை ஒருவர், சென்ற தவணையின் இறுதி நாட்களில், பதினான்கு வயதுடைய தம் மகனைப் பற்றி மனம் நொந்து பேசினார். அந்தி வேளையில் வீட்டார் செபமாலைக்கு முழந்தாளிட்டிருக்க, பிள்ளையின் கை மட்டும் காற்சட்டைப் பையினுள் கைத்தொலைபேசியைத் தடவிய வண்ணம் இருக்கிறதாம். இரவில் போர்வைக்குள்ளும் அதன் ஒளிதான். மனம் பொறாத தாயார், குருவானவரிடம் மந்திரித்த சுரூபம் ஒன்றைப் பெற்று அக்கருவியின் உறைக்குள் வைத்துவிட்டார். "மாஸ்டர், இது அவனைக் காக்குமென்று நினைக்கிறீர்களா?" என்று வினவினார்.

யான் சைவன். பிறர் சமயத்தின் அருட்சாதனங்களை அளந்து கூற எனக்கு உரிமையில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் மணிக்கட்டிலும் கோவில் நூல் உண்டு. ஆயினும் வரலாறு படிப்பிப்பவன் என்ற முறையில் ஒன்று கூறினேன். அவர் கேட்ட கேள்வியைக் கிறிஸ்தவத் துறவிகள் ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன்னரே தம்முள் கேட்டு, விடையும் கண்டிருக்கின்றனர்.

அத்துறவிகளுள் ஒருவர் எவாக்ரியுஸ். கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரிற் புகழோடு வாழ்ந்தவர், அதனைத் துறந்து எகிப்திய பாலைவனம் புகுந்து, 399ஆம் ஆண்டு அங்கேயே காலமானார். நகரை விட்டால் சோதனை விட்டுவிடும் என்று எண்ணி வந்தவர்களுக்குப் பாலைவனம் வேறொன்றைக் கற்பித்தது. பார்க்கவும் கேட்கவும் ஒன்றுமில்லாத சிற்றறையிலும் மனம் சும்மா இருப்பதில்லை. பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை என எட்டு எண்ணங்கள் துறவியை அலைக்கழிப்பதை எவாக்ரியுஸ் வகுத்துக் காட்டினார். பிற்காலத் திருச்சபை கூறும் ஏழு தலையான பாவங்களுக்கு இப்பட்டியலே மூலமாகும்.

இவற்றுட் சோர்வை அவர் நண்பகற் பேய் என்றார். அது பற்றிக்கொண்டால், துறவிக்குப் பொழுது நகராது. அடிக்கடி சாளரத்தை நோக்குவார். சூரியன் எவ்வளவு சாய்ந்தது என்று பார்ப்பார். யாரேனும் வருகிறார்களா என்று வெளியே எட்டிப் பார்ப்பார். இதைப் படித்தபோது யான் நாணினேன். விடைத்தாள் திருத்த அமர்ந்தால், நான்காவது தாளுக்குள் என் கையும் மேசைமேலிருக்கும் அச்சிறு சாளரத்தை நாடுகிறதன்றோ? அன்றைய சாளரத்தில் வெறும் மணலே தெரிந்தது. இன்றைய சாளரத்திலோ, விரலாற் தள்ளத் தள்ள முடிவின்றிக் காட்சிகள் வருகின்றன. எண்ணங்கள் அந்த எட்டுத்தான். வருகின்ற வேகம் மட்டுமே புதிது.

இனி, காவல் யாது? தீய எண்ணம் வந்து கதவைத் தட்டுவது நம் கையில் இல்லை; அதனை உள்ளே தங்கவிடுவதும் விடாததுமே நம் கையில் உள்ளது என்பது எவாக்ரியுஸின் போதனை. ஒவ்வோர் எண்ணத்துக்கும் மறுமொழியாக வேதாகமத்திலிருந்து ஒவ்வொரு வசனத்தைத் தேர்ந்து அவர் தனி நூலே தொகுத்தார். மேலும், பாலைவன இளந்துறவிகள் தம்மை அலைக்கழிக்கும் எண்ணங்களை மறையாது மூத்தவர் ஒருவரிடம் கூறிவிடுவர். ஒளித்து வைக்கும் எண்ணமே வலுப்பெறும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

இது துறவிகளுக்கன்றோ, பள்ளிப் பிள்ளைக்கு ஆகுமோ எனில், இத்தாலியில் வளர்ந்த கார்லோ அக்குடிஸ் என்ற சிறுவனின் வாழ்வைப் பாருங்கள். கணினியில் வல்லவனான இவன், நற்கருணை அற்புதங்களைத் திரட்டி இணையத்தில் வெளியிட்டான். காணொளி விளையாட்டில் விருப்பமுடையவன்; எனினும் வாரத்துக்கு 1 மணி நேரமே ஆடுவது என்று தனக்குத் தானே வரம்பிட்டுக் கொண்டான். 2006ஆம் ஆண்டு, 15 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தான். 2025 செப்டெம்பர் 7ஆந் தேதி பாப்பரசர் 14ஆம் லியோ அவனைப் புனிதனாகப் பிரகடனஞ் செய்தார். கருவியை அவன் உடைத்தெறியவில்லை. அதற்கு எல்லை வகுத்தான். அவ்வெல்லையைப் பிறர் விதிக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

இவற்றைக் கேட்ட ஆசிரியை சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அவனை நான் ஏசியிருக்கிறேன், பறித்தும் வைத்திருக்கிறேன். அதிலே என்ன பார்க்கிறாய், ஏன் உனக்கு நித்திரை வரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை" என்றார்.

விடுமுறை கழிந்து வந்தவர் நடந்ததைச் சொன்னார். திருஇருதயப் படத்தின் கீழுள்ள தட்டில், செபமாலை நேரத்தில் எல்லாரும் தத்தம் கைத்தொலைபேசியை வைப்பது என முடிவு செய்தனராம். முதல் நாள், மகன் தன்னுடையதை வைத்துவிட்டு, "அம்மா, உங்களுடையது?" என்று கேட்டானாம். அது அவர் இடுப்பிலே செருகியிருந்தது!

சுரூபம் இன்னும் உறைக்குள்ளேயே இருக்கிறது, இருக்கட்டும். இரவு ஒளி முற்றாக அணைந்துவிடவில்லை. ஆனால் வகுப்பில் ஒருவன் தன்னைக் கேலி செய்து படங்கள் அனுப்பி வருவதையும், அவற்றைப் பார்த்தே தான் விழித்திருந்ததையும் பிள்ளை தாயிடம் சொல்லிவிட்டான். வாயில் திறந்தது. இனிக் காவலுக்கு அவனோடு இன்னொருவரும் நிற்கிறார்.