கிடங்கான கூடமும் பூட்டிய மண்டபமும்

மலாக்காக் குன்றின்மேல் கூரையின்றி நிற்கும் செயின்ட் பால் ஆலயத்தைக் காணும் நம்மவரிற் சிலர், கடவுளைத் தொழுத கூடத்தை ஆங்கிலேயர் வெடிமருந்துக் கிடங்காக்கினரே என்று மனம் புழுங்குகின்றனர். தொழுகைக் கூடத்தில் சாமான் அடுக்குவதினும் பெரிய அவமதிப்பு உலகிலில்லை என்பது அவர்தம் கொள்கை. இது வெறும் சரித்திரப் பேச்சோடு நின்றிருக்குமாயின் நாம் பேனா எடுத்திருக்க மாட்டோம். இதே கொள்கையைச் சொல்லித்தான், ஜாசின், அலோர் காஜாப் பகுதித் தோட்டங்கள் சிலவற்றிலே கோயில் மண்டபங்கள் திருவிழா நாள் போக ஏனைய நாளெல்லாம் பூட்டப்பட்டுக் கரையானுக்கு இரையாகின்றன. இரவு வகுப்பு நடத்த இடம் கேட்டால், "அது சாமி மண்டபம்" என்ற விடை வருகின்றது.

அக்குன்றின் கதையைச் சற்றே நோக்குவோம். 1521இல் துவார்த்தே கொயேலோ என்னும் போர்த்துகீசியத் தலைவன் அங்கே ஒரு சிற்றாலயம் எடுத்தான். பின்னர் அது ஏசு சபையார் கைக்கு வந்து பெரிதாயிற்று. நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல், கோவாவுக்குக் கொண்டுசெல்லப்படுமுன் 1553இல் சில காலம் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. 1641இல் நகரைப் பிடித்த டச்சுக்காரர் தங்கள் மதப் பிரிவுக்குரிய ஆலயமாக அதை மாற்றிக்கொண்டனர். 1753இல் குன்றின்கீழ் கிறிஸ்து ஆலயம் எழுந்ததும், மேலேயிருந்த கூடம் இடுகாடாயிற்று. ஆங்கிலேயர் வந்து அதனுள் வெடிமருந்து வைத்தனர். முன்புறத்தில் ஒரு கலங்கரை விளக்கமும் கட்டினர்.

அக்குன்றைச் சூழ்ந்திருந்த பெருங்கோட்டை என்னவாயிற்று? அதைக் காக்கச் செலவு மிகுதி, பகைவர் கையிற் சிக்கினால் ஆபத்து என்று கருதிய கம்பெனியார் 1807இல் வெடிவைத்துத் தகர்த்தனர். 1808இல் அங்கு வந்த ராபிள்ஸ் தடுத்தமையால் வாயில் ஒன்று எஞ்சிற்று. ஒரே குன்று, ஒரே சர்க்கார். வேலையற்றதெனத் தீர்ந்த மதில் தூளாயிற்று. மருந்து காக்கும் வேலை பெற்ற கூடத்தின் சுவர்கள் நின்றன. மருந்து நனைந்தால் பயன்படாது; ஆதலின் மருந்து இருந்த வரையில் அதற்கு மேலே ஏதேனும் ஒரு மூடலும் இருந்தே தீரவேண்டும். இதை எண்ணாது புலம்புவதில் யாது பயன்?

இங்கிலாந்திலே இடைக்காலப் பிரபுக்கள் விருந்துண்ட கூடங்கள் சில, பிற்காலக் குடியானவர் கையில் தானியமும் வைக்கோலும் அடையும் களஞ்சியங்களாயின. வைக்கோல் நனையலாகாதென்று உழவன் கூரையைப் பேணினான். அக்கூரைக்குக் கீழே பழைய மரவேலையும் பிழைத்தது. இன்று அந்நாட்டார் அவற்றைச் சட்டமிட்டுக் காக்கின்றனர்.

தமிழ்நாட்டுச் செய்தியோ இன்னும் கூரியது. வேலூர்க் கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேசுவரர் கோயில் நெடுங்காலம் வழிபாடின்றிப் பட்டாளத்தின் ஆயுதக் கிடங்காயிருந்தது. அதன் கலியாண மண்டபத்துத் தூண்களிலே பாயும் குதிரைகளும் யாளிகளும் இன்றும் உயிரோடு நிற்பனபோல் நிற்கின்றன. 1981இல் மறுபடியும் அங்கே லிங்கம் வைக்கப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தின் கதியைப் பாருங்கள். கடாரங்கொண்ட சோழன் என்று நம் மேடைகளில் முழங்காத பேச்சாளர் உண்டா? அவ்விராசேந்திரனது தலைநகரில் அரண்மனையின் அடித்தளச் செங்கல்லே மண்ணுக்குள் மிஞ்சிற்று. கேட்பாரற்றுக் கிடந்த கோயில் மதிலின் கற்களை 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்ட வண்டி வண்டியாக ஏற்றிச் சென்றனர். அணையால் வயல் விளைந்தது என்பது வேறு. கடாரங்கொண்டான் பெருமை பாடிய ஒருவரும் அக்கற்களுக்கு ஒரு வேலை தேடித் தரவில்லையென்பதே நம் குறை.

நிற்க. மண்டபத்தில் வேறு காரியம் நடந்தால் தீட்டு என்பார்க்கு ஒரு வார்த்தை. தஞ்சைச் சீமையில் பாபநாசத்துக் கோயிலுக்குள்ளேயே நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் இருக்கின்றது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவே வைத்திருக்கின்றது. திருவரங்கத்திலும் வட்டவடிவமான பெருங்களஞ்சியங்கள் உண்டு. நெல் புகுந்ததால் எத்தெய்வம் தீட்டுப்பட்டது? அந்நெல்லை விளைத்த உழவன் புகுந்தால்தான் தீட்டென்றனர்; மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அவன் கால் வைக்க 1939 வரையில் காத்திருக்க நேர்ந்தது. நம் தோட்டத்துப் பூட்டுகளும் அந்தப் பழைய பட்டறையில் அடித்தவையே என்று நாம் ஐயுறுகின்றோம்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பழகிய நமக்கு இதன் சூட்சுமம் நன்கு தெரியும். பேரேட்டில் ஸ்டோர் என்று பெயர்பெற்ற கட்டடத்துக்குத் தகரத்துக்கும் சாயத்துக்கும் பணம் ஒதுக்கப்படும். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட காலத்தில் புகைக்கூடத்துக் கூரையில் ஓர் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே ஆள் ஏறுவான்; ஷீட் நனைந்தால் விலை இறங்குமன்றோ? எந்த வேலையும் குறிக்கப்படாத கட்டடமோ மழைக்காலத்துக்கு ஒரு சுவராக விழும். கணக்கில் மதிப்பில்லையென்று எழுதி முடித்தபின் அதை இடிக்க ஒருவரையும் கேட்க வேண்டுவதில்லை. தோட்டப் பள்ளிகள் பல தோன்றியது ஆயாக் கொட்டகை மூலையிலும் ஸ்டோர்த் தாழ்வாரத்திலுமே. அதனால் அகரத்துக்கு இழுக்கு வந்ததாக எவரும் சொன்னதில்லை.

சட்டம் காக்கும் என்று வாளாவிருப்போரும் உளர். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் வந்தது. 2008இல் மலாக்கா நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிற்று. தட்டார் தெருவிலே 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவ்வெல்லைக்குள் அடங்கும். அவ்வெல்லைக் கோடு பட்டணத்தோடு முடிகின்றது. 1896இல் தான் சாய் யான் முதல் ரப்பர் தோட்டம் போட்ட புக்கிட் லிந்தாங் பக்கத்து லயங்களுக்கு அது எட்டாது. தோட்டம் விற்பனையாகி வீட்டுமனைக்கு அளவுகோல் பிடிப்பவர் வரும்போது, பூட்டிய மண்டபம் அவர் கண்ணுக்கு வெறும் நிலமாகவே படும். அங்கே நூல்நிலையமும் பிள்ளைகளும் கூட்டுறவுக் கடையின் அரிசி மூட்டையும் இருந்தால், அவற்றை வெளியேற்றுமுன் நாலு பேர் எதிரே நின்று வழக்காடுவர்.

ஆகவே கோயிற் கமிட்டியார் மண்டபத்துக்குச் சலவைக்கல் பதிக்க நன்கொடைச் சீட்டு நீட்டும்போது, தோட்டத்து இளைஞர்கள் பணத்தைக் கொடுக்குமுன், அம்மண்டபம் வருஷத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும், அதன் சாவி யார் வீட்டில் தொங்குகின்றது என்னும் இரண்டையும் பொதுக்கூட்டத்திலே எழுந்து கேட்டு, விடையை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் செய்யுமாறு வேண்டிக்கொள்ளுகின்றோம்.