கீமோ போட்டவருக்கு காய்ச்சல், பேதியா? மெடிக்கல் ஷாப் மாத்திரையை நம்பாதீங்க!

புதுச்சேரி:

கதிர்காமம் வழுதாவூர் சாலையில் இந்திராகாந்தி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் கோரிமேடு ஜிப்மர். ஜிப்மரின் மண்டல புற்றுநோய் மையத்துக்கு புதுவை மட்டுமின்றி கடலூர், விழுப்புரத்தில் இருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கீமோ ஊசி போட்டதும் அன்றே பஸ் ஏறுபவர்களும் உண்டு. சிக்கல் ஆரம்பிப்பது பெரும்பாலும் அடுத்த வாரம்தான்.

கீமோ மருந்து புற்று செல்லோடு எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. பல மருந்துகளில், ஊசி போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் கிடுகிடுவென குறைகின்றன. கிருமியோடு முதலில் மல்லுக்கட்டும் 'நியூட்ரோபில்' என்ற வெள்ளை அணு, ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 500-க்கு கீழே போனால் ஆபத்து கட்டம்.

அதே மருந்து குடலின் உள்சுவரையும் புண்ணாக்கிவிடுகிறது. அங்கே சும்மா குடியிருந்த ஈ.கோலை, கிளெப்சியெல்லா பாக்டீரியாக்கள் புண் வழியாக ரத்தத்தில் கலக்கின்றன. தடுக்கத்தான் ஆள் இல்லையே! "நீ செஞ்சு போட்ட சாப்பாடுதான்" என்று சமைத்தவரை திட்டுவதில் அர்த்தமில்லை. பல நேரம் கிருமி நோயாளியின் குடலிலேயே இருந்ததுதான்.

வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், பேதி மூன்றும் சேர்ந்தால், பெருங்குடலின் ஆரம்ப பகுதி வீங்கியிருக்கலாம். முற்றினால் குடலில் ஓட்டை விழும்.

இங்கேதான் மெடிக்கல் ஷாப் மாத்திரை வினையாகிறது. பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். பேதியை நிறுத்தும் மாத்திரையோ குடலை அசையவிடாமல் செய்து நிலைமையை மோசமாக்கலாம். காய்ச்சல் 100.4 டிகிரியை தாண்டினால், ராத்திரி என்றாலும் விடியும் வரை காத்திருக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்கு போன 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பதே மருத்துவ விதி.

தண்ணீரிலும் கவனம் தேவை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. நல்லா இருக்கிறவர்களையே படுக்க வைத்த நோய் அது. வெள்ளை அணு குறைந்தவர் குழாய் தண்ணீரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சை பிரிவுக்கு போய், "கீமோ போட்டு இத்தனை நாள் ஆச்சு" என்று முதல் வார்த்தையாக சொல்லி, சிகிச்சை பைலை காட்ட வேண்டும். அதை சொல்லாவிட்டால், சாதாரண பேதி என்று குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.