மாமாவின் சாவிக்கொத்தும் டண்டினோங் சுரங்கமும்

டூங்கபி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் என் மாமாவின் கணக்காளர் ஒஃபிஸ் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக அதே இடம், அதே இரும்பு அலுமாரி. ஜூலை பிறந்தால் படிக்கட்டு வரைக்கும் எங்கட சனம் நிற்கும். டாக்ஸி ஓடுபவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அன்ரி, புதிதாக வீடு வாங்கிய இளம் சோடி என்று எல்லாரும் டி.எஃப்.என்., பாஸ்போட் கொப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் மாமாவின் மேசையில் வைத்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். அகதியாக வந்த காலத்தில் கொடுத்த கடதாசிகளைக்கூட இன்னும் அந்த அலுமாரிக்குள் விட்டுவைத்திருப்பவர்கள் உண்டு. அலுமாரிச் சாவி மாமாவின் இடுப்பில்தான். மாமிக்கும் கொடுக்கமாட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் மச்சாள் மெல்பேர்ணில், டண்டினோங்கில், ஒரு கிளை திறந்தா. அங்கிருந்தபடியே டூங்கபி சேர்வரில் உள்ள ஃபைல்களைத் திறக்க வேண்டும். யாரோ ஒருவர் வந்து "சிம்பிளாய்" செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்: ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து, ரிமோட் டெஸ்க்டொப்பை நேராக இன்டர்நெட்டுக்குக் காட்டிவிட்டார். அதாவது அலுமாரியைத் தூக்கிப் போய் றோட்டில் வைத்து, பூட்டு இருக்குத்தானே என்று விட்டமாதிரி.

போன மாதம் பிரின்டர் பழுது என்று போன இடத்தில்தான் இதைக் கண்டேன். சேர்வரின் லொக்கைத் திறந்தால், ஒரே இரவில் நூற்றுக்கணக்கான தவறிய லொகின்கள். "அட்மின்", "டெஸ்ட்", "ரிசெப்ஷன்" என்று பெயர் பெயராக யாரோ தட்டிப் பார்த்திருக்கிறார்கள். யாரோ என்றால் ஆள் இல்லை, இன்டர்நெட் முழுக்கத் திறந்த கதவு தேடித் திரியும் மெஷின்கள்.

மாமாவிடம் காட்டினேன். "இருவது வருசமா ஒண்டும் நடக்கேல்லை தம்பி. எங்கட சின்னக் கந்தோருக்குள்ள ஆர் வரப்போறாங்கள்?"

"மாமா, அவங்களுக்குப் பெரிசு சின்னன் தெரியாது. திறந்திருக்கா எண்டுதான் பாக்கிறாங்கள்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டத்தைச் சொன்ன பிறகுதான் திரும்பினார். சின்ன வியாபாரங்கள் பலவற்றுக்குத் தனியுரிமைச் சட்டத்தில் விலக்கு இருந்தாலும், டி.எஃப்.என். வைத்திருப்பவர்களுக்கு அந்த எண்கள் விஷயத்தில் விலக்கு இல்லை. கசிந்து பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றால், 2018 பெப்ரவரி முதல் உரியவர்களுக்கும் தகவல் ஆணையருக்கும் அறிவிக்கத்தான் வேண்டும். படிக்கட்டில் நின்ற ஒவ்வொருவருக்கும் மாமா கடிதம் எழுத வேண்டிவரும். அந்த நினைப்பு அவரை உலுக்கியது. "சரி, என்ன செய்யவேணுமோ செய்" என்றார்.

முதல் வேலையாக அந்தப் போர்ட்டை மூடினேன். மச்சாளுக்கு இரண்டு நாள் வேலை தடைப்பட்டது. போனில் நல்ல பேச்சு வாங்கினேன்.

பிறகுதான் வி.பி.என். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். யூடியூப் விளம்பரங்களில் வரும் வி.பி.என். வேறு. அது உங்கள் இணைப்பை ஒரு கம்பனியின் சேர்வர் வழியாக வெளியே அனுப்புவது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கையில் சமூக வலைத்தளங்களை முடக்கியபோது ஊரில் பலர் போட்டது அந்த வகை. நான் சொல்வது இரண்டு ஒஃபிஸ்களின் நெட்வேர்க்குகளையே ஒன்றோடொன்று இணைப்பது. ஒவ்வொரு பக்கத்து ரவுட்டரும் தகவலைக் குறியாக்கி, இன்னொரு உறைக்குள் போட்டு மறுபக்கத்துக்கு அனுப்பும். வழியில் எவர் பார்த்தாலும் வெளி உறையின் விலாசம்தான் தெரியும். இதைத்தான் டனல், சுரங்கம், என்கிறோம்.

பெரிய கம்பனிகள் இதற்கு ஐபிசெக் பாவிக்கும். 1990களிலிருந்து இருக்கிறது, உறுதியானது, ஆனால் செட்டிங்குகள் ஏராளம். ஒரு பக்கத்தில் ஒன்றை மாற்றிவிட்டால் மறுபக்கம் பேசாது. நான் எடுத்தது வயர்கார்ட். ஜேசன் டொனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 உடன் கேர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. சரியான சாவி இல்லாமல் தட்டினால் பதிலே சொல்லாது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் கதவு இருப்பதே தெரியாது.

சனிக்கிழமை முழுக்க இழுத்தது. எங்கே இழுத்தது என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதல் சிக்கல் விலாசம். இரண்டு ஒஃபிஸிலும் ரவுட்டர் பெட்டியிலிருந்து வந்தபடியே 192.168.1 என்று தொடங்கும் எண்கள். டூங்கபி சேர்வரும் 192.168.1.20, டண்டினோங் பிரின்டரும் 192.168.1.20. ஒரே தெருப் பெயர், ஒரே வீட்டு எண், இரண்டு ஊர்: தபால்காரர் என்ன செய்வார்? டூங்கபியை 10.20.1 என்றும் டண்டினோங்கை 10.20.2 என்றும் மாற்றினேன். பாதி நாள் இதற்கே போனது.

இரண்டாவது, ஒரு பக்கமாவது வெளியிலிருந்து எட்டக்கூடியதாக இருக்கவேண்டும். மச்சாளின் இணைப்பு 5ஜி. அதில் பலருக்குச் சேர்த்து ஒரே வெளி விலாசம்தான். அதனால் டூங்கபி என்.பி.என். இணைப்புக்கு நிரந்தர விலாசம் ஒன்று வாங்கி, டண்டினோங் ரவுட்டர்தான் கூப்பிட வேண்டும் என்று வைத்தேன். 25 செக்கனுக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று ஒரு சின்னத் தகவல் அனுப்பும், வழி மூடாமல் இருக்க.

மூன்றாவது, சாவி. ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கென்று இரண்டு சாவி செய்யும்: ஒன்று அந்தரங்கம், ஒன்று பகிரங்கம். "வாட்ஸ்அப்பில அனுப்பவா?" என்று கேட்டா மச்சாள். பகிரங்கச் சாவியை அனுப்பலாம். 44 எழுத்து வரும். வந்தது அவவின் சாவிதானா என்று உறுதிப்படுத்த, போனில் கடைசி எட்டு எழுத்தை வாசிக்கச் சொன்னேன். அந்தரங்கச் சாவி பிறந்த ரவுட்டரை விட்டு வெளியே வரவே கூடாது.

பக்கத்தில் நின்ற மாமா இடுப்பைத் தட்டிக் காட்டினார். "இது மாதிரி, என்ன?" அன்றைக்கு முதல்முறை அவர் சிரித்தார். எனக்கும் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான்காவதுதான் ஆளைக் கொன்றது. சுரங்கம் எழும்பிவிட்டது, சேர்வர் தெரிகிறது, சின்ன ஃபைல் திறக்கிறது. ஸ்கேன் செய்த பெரிய பி.டி.எஃப். என்றால் அப்படியே நின்றுவிடும். உறைக்குள் உறை போடும்போது பொதி பருக்கும். 5ஜி வழியில் அந்த அளவு நுழையவில்லை. பொதியின் அளவை 1420 இலிருந்து 1340 ஆகக் குறைத்ததும் ஓடத் தொடங்கியது. "பிங் போகுது, ஃபைல் போகேல்லை" என்று யாராவது சொன்னால் முதலில் எம்.டி.யு.வைப் பாருங்கள்.

கடைசியாகக் கட்டுப்பாடு. டண்டினோங்கிலிருந்து டூங்கபியின் ஃபைல் சேர்வருக்கு மட்டும் வழி. விருந்தினர் வைஃபை, பிரின்டர், மச்சாளின் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து நோண்டும் ஐபேட் எதுவும் சுரங்கத்துக்குள் வராது. சுரங்கம் பாதையை மட்டும்தான் காக்கும். ஒரு பக்கத்துக் கணினியில் நோய் வந்தால் அதையும் பத்திரமாக மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2022 ஒக்டோபரில் வெளிவந்த மெடிபேங்க் திருட்டு ஞாபகம் இருக்கும். 97 இலட்சம் பேரின் விபரங்கள். அவுஸ்திரேலியத் தகவல் ஆணையர் 2024 ஜூனில் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ஆணையர் தரப்பு அதில் சொல்வது இது: ஒப்பந்த வேலையாள் ஒருவர் வேலைக் கணினியில் தன் சொந்த பிரவுசர் கணக்குக்குள் வேலைப் பாஸ்வேர்டைச் சேமித்தார். அது அவருடைய வீட்டுக் கணினிக்கும் தானாகப் போனது. வீட்டுக் கணினியில் இருந்த திருட்டு மென்பொருள் அதை எடுத்துக்கொண்டது. மெடிபேங்கின் வி.பி.என். இரண்டாவது அடையாளம் எதுவும் கேட்கவில்லை. திருடன் பாஸ்வேர்டோடு நேராக உள்ளே போனான்.

வி.பி.என். இருந்தது. வாசலில் ஆள் யார் என்று இரண்டாம் முறை கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால் மாமாவின் சேர்வருக்கும் ஈமெயிலுக்கும் போனில் வரும் இரண்டாவது குறியீட்டையும் போட்டேன். "ஒவ்வொரு நாளும் இந்தக் கரைச்சலா?" என்று இன்னும் புறுபுறுக்கிறார். ஆனால் போடுகிறார்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து என் லப்டொப்பைத் திறந்து பார்த்தேன். சொல்ல வெட்கம்தான். என் வேலைப் பாஸ்வேர்டுகள் மூன்று எங்கள் குடும்ப பிரவுசர் கணக்கில் கிடந்தன. அதே கணக்கு, ஒன்பது வயது மகள் ரோப்லொக்ஸ் விளையாடும் டப்லெட்டிலும் திறந்திருந்தது. அவள் எதை டவுன்லோட் செய்கிறாள் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வந்தவன் நான்.

ஆகவே இந்த வாரம் உங்களுக்கு மூன்று வேலை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட் பட்டியலைத் திறந்து, வேலை சம்பந்தமானவற்றை அழியுங்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அப்பா, அம்மாவோ மாமாவோ சின்ன வியாபாரம் நடத்தினால், "வெளியிலயிருந்து எப்பிடி உள்ள போறனீங்கள்?" என்று ஒருக்கால் கேளுங்கள். "யாரோ செய்து தந்தவர்" என்று பதில் வந்தால், அடுத்த சனிக்கிழமையை ஒதுக்கி வையுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மாமி எனக்கு ஒடியல் கூழ் காய்ச்சித் தந்தா.