பன்னிரண்டு கோடுகளும் ஒரு வழக்கும்

நீதிமன்றச் செய்திகள் எழுதிய காலத்தில் நான் கண்டுகொண்ட ஒன்று உண்டு. வாங்கிய பொருள் உடைந்துபோனால் வழக்கு இலகு. அது மெல்ல மெல்லத் தேய்ந்துபோனால்தான் சிக்கல். 'தேய்வது இயற்கைதானே' என்று விற்றவர் சொல்லிவிடுவார். மின்சாரக் கார்களின் மின்கலங்கள் பற்றிய வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம் இதுவே நினைவுக்கு வருகிறது.

2012ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நிஸான் லீஃப் கார் வைத்திருந்த பலர், மின்கலத்தின் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளில் ஒன்றிரண்டு மறைந்துவிட்டதைக் கவனித்தனர். கார் பழையதல்ல. வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. பினிக்ஸ் நகரின் வெயிலும், திரவக் குளிரூட்டல் இல்லாத மின்கல அமைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. முதற் கோடு மறைந்தாலே ஏறத்தாழ 15 சதவீதக் கொள்ளளவு போய்விட்டது என்று பொருள். நிறுவனம் தந்திருந்த எட்டு ஆண்டு உத்தரவாதமோ உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டுமே. படிப்படியான தேய்வு அதில் அடங்கவில்லை.

அவ்வாண்டே கலிபோர்னியாவில் உரிமையாளர்கள் சார்பில் கூட்டு வழக்குத் தொடரப்பட்டது. என் மனம் அவர்கள் பக்கமே. மின்சாரக் கார் வாங்குபவர் உண்மையில் வாங்குவது தூரத்தை. காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்ப முடியாவிட்டால், கதவும் ஆசனமும் புத்தம் புதியதாக இருந்து என்ன பயன்?

ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கோடுகளுக்குக் கீழே இறங்கினால் மின்கலத்தைச் சீர்செய்து கொடுப்பதாக உடன்பாடு எட்டப்பட்டது. அதற்கு ஆட்சேபம் தெரிவித்தவர்களுள் ஒருவர் அலெக்ஸ் கொசின்ஸ்கி. அவர் அப்போது ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. அவரும் ஒரு லீஃப் உரிமையாளர்! உரிமையாளர்களுக்குக் கிடைப்பது சொற்பம், சட்டத்தரணிகளுக்கே பெருந்தொகை என்பது அவரது முறைப்பாடு. நியாயமான முறைப்பாடுதான். ஆனால் தேய்வுக்கும் ஓர் எல்லையுண்டு என்று எழுத்தில் வந்ததை நான் சிறிதாக எண்ணவில்லை.

தீப்பிடிக்கும் அபாயம் இருந்தால் மட்டும் எல்லோரும் விரைவாக அசைகிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. செவ்ரோலே போல்ட் கார்களை ஜெனரல் மோட்டோர்ஸ் 2020 நவம்பரில் முதன்முறை திரும்ப அழைத்தது. சரிசெய்யப்பட்ட பின்னரும் இரு கார்கள் எரிந்தன. 2021இல் மீண்டும் அழைத்தது. இறுதியில் ஏறத்தாழ 1,42,000 கார்கள், அதாவது அதுவரை விற்ற அத்தனையும், அதில் அடங்கின. அதுவரை உரிமையாளருக்குச் சொல்லப்பட்டவை: 90 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றாதீர்கள், 70 மைலுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள், வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள். பிறகு எதற்கு ஐயா கார்?

மின்கலம் செய்த எல்ஜி, திரும்ப அழைத்த செலவுக்காக ஜெனரல் மோட்டோர்சுக்கு 190 கோடி டொலர் வரை தருவதற்கு 2021 ஒக்டோபரில் இணங்கியது. கார்க்காரர்களின் கூட்டு வழக்கோ 2024 வரை இழுபட்டு, 15 கோடி டொலர் உடன்பாட்டில் முடிந்தது. தகுதியுடையோருக்கு 1,400 டொலர், மற்றவர்களுக்கு 700. பலருக்குப் புதிய மின்கலம் கிடைத்தது உண்மை. ஆயினும் இரு நிறுவனங்களும் தமக்குள் கணக்குத் தீர்க்க எடுத்த காலத்தையும், வாடிக்கையாளர் காத்திருந்த காலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

2015ஐ அண்டிய ஆண்டுகளில் பாவித்த லீஃப் கார்கள் ஜப்பானிலிருந்து ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்தன. கொழும்பின் வெயிலும் லேசானதல்ல. கலிபோர்னியாவில் எழுதப்பட்ட உடன்பாடு அமெரிக்க உரிமையாளர்களுக்கே உரியது. நம்மவர்கள் அந்தக் கோடுகளைத் தாமே எண்ணிக்கொண்டு, தேய்வின் செலவைத் தாமே சுமந்தார்கள்.