ரெண்டு ஏஸை ஒளிச்சு வச்சு என்னத்த சாதிச்சீங்க?

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள குமைஞ்சிட்டிருக்கிற விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். கோவிச்சுக்காதீங்க மக்கா.

போக்கர் ஆடுற நம்ம பசங்களுக்கு ஒரு வியாதி இருக்கு. நோ-லிமிட் ஹோல்டெம்ல கையில ரெண்டு ஏஸ் வந்துட்டா போதும், முகத்தை அப்பாவி மாதிரி வச்சுகிட்டு, ரெய்ஸ் பண்ணாம சும்மா கால் பண்ணி உள்ள வருவாங்க. கேட்டா "ஸ்லோ ப்ளே"யாம். பொறி வைக்கிறாராம்! அந்தப் பொறியில மாட்டுறது பெரும்பாலும் வச்சவரேதான்.

எகத்தாளமா சொல்லல. ரெண்டு வருஷம் நானும் அப்படித்தான் ஆடினேன். நியூ ஜெர்சியில நண்பர் வீட்டு பேஸ்மெண்ட்ல, சனிக்கிழமை ராத்திரி, 1-2 டாலர் பிளைண்ட். மாசத்துக்கு 200 டாலர், அதுக்கு மேல ஒரு செண்ட் கிடையாதுன்னு வீட்டம்மாவோட ஒப்பந்தம். ஒரு மாசம் முதல் சனிக்கிழமையே ஏஸ் ஜோடியை ஒளிச்சு வச்சு, நாலு பேரை கூட உள்ள விட்டேன். ஃப்ளாப் 9-7-4. பிக் பிளைண்ட்ல இருந்தவர் கையில 7-4, ரெண்டு ஜோடி. என்னோட 200-ம் போச்சு. "ஏஸ் எனக்கு ராசியே இல்லப்பா"ன்னு வழியெல்லாம் புலம்பிகிட்டே வண்டி ஓட்டிட்டு வந்தேன்.

ராசியாவது மண்ணாவது! நான் 10 டாலர்னு ரெய்ஸ் பண்ணியிருந்தா அந்த மனுஷன் 7-4ஐத் தூக்கிப் போட்டுட்டு சமோசா எடுக்கப் போயிருப்பார். ஓசியில ஃப்ளாப் காட்டினது நான்தானே?

கணக்கைப் பாருங்க. ஏஸ் ஜோடி வர்றது சராசரியா 221 கைக்கு ஒரு தடவை. எதிர்ல ஒரே ஆள், ஏதோ ரெண்டு சீட்டோட இருந்தா, கடைசி சீட்டு வரைக்கும் போனா நாம ஜெயிக்க 85% வாய்ப்பு. ரெண்டு பேர்னா 73%. நாலு பேர்னா 56%.

இங்க ஒரு புத்திசாலி கை தூக்குவார்: "அஞ்சு பேர் பாட்ல 56%ங்கறது ரெண்டு பேர் பாட்ல 85%ஐ விட லாபம்தானே?" எல்லாரும் ஒரே அளவு பணம் போட்டா சரிதான் சாமி. ஆனா நீங்க ரெய்ஸே பண்ணலையே! அஞ்சு பேரும் 2 டாலர் போட்டா பாட் 10. அதுல 56% 5.60. நீங்க போட்ட 2 போக மிச்சம் 3.60. அதுவே 10க்கு ரெய்ஸ் பண்ணி ஒரே ஒருத்தர் கால் பண்ணி, பிளைண்ட் ரெண்டும் ஓடிப்போனா பாட் 23. அதுல 85% 19.55. போட்ட 10 போக மிச்சம் 9.55. ரெண்டு பேர் கால் பண்ணா இன்னும் நல்லது. வரட்டும், ஆனா காசு குடுத்துட்டு வரட்டும்.

இந்த ஒளிச்சு வைக்கிற புத்தி நமக்கு ரம்மியில இருந்து ஒட்டிகிட்டதுன்னு நினைக்கிறேன். அங்க சீட்டு சேர்ந்ததை வெளிய காட்டாம இருந்து டிக் அடிச்சா எதிராளிக்கு 80 வரைக்கும் ஏறும். அவர் எடுக்கிற ஒவ்வொரு சீட்டுக்கும் விலை வைக்க ரம்மியில வழியில்ல. ஹோல்டெம்ல இருக்கு. அந்த விலைதான் ஆட்டமே!

அப்புறம் 'ரவுண்டர்ஸ்' (1998) படம் பார்த்த கோஷ்டி. 1988 வேர்ல்ட் சீரிஸ் கடைசிக் கையில எரிக் சைடலை ஜானி சான் பொறி வச்சுத்தானே பிடிச்சாருன்னு கேப்பாங்க. மேஜையில மிச்சம் இருந்தது ரெண்டே பேர். சான் கையில ஜாக்-9. ஃப்ளாப்ல குயின்-10-8 விழுந்து ஸ்ட்ரெய்ட் முடிஞ்சாச்சு, அதுக்கு மேல பெரிய கை அந்த நிமிஷம் கிடையாது. அதுக்கும் ஒன்பது பேர் மேஜையில ஃப்ளாப்புக்கு முன்னாடியே ஏஸை ஒளிக்கிறதுக்கும் என்னய்யா சம்பந்தம்?

சரி, ரெய்ஸ் பண்றவங்க எல்லாம் உத்தமரா? அவங்களுக்கு வேற வியாதி. ஏஸைத் தாலி கட்டின பொண்டாட்டி மாதிரி கடைசி வரைக்கும் விட மாட்டாங்க. சின்ன ஜோடியோட கால் பண்ணவருக்கு ஃப்ளாப்ல செட் விழ சுமார் 12% வாய்ப்பு, அதாவது எட்டரை தடவைக்கு ஒண்ணு. அவர் 10 டாலர் குடுத்து வந்ததே உங்க 200ஐ மொத்தமா வாங்கத்தான். வாயைத் திறக்காத மனுஷன் டர்ன்ல திடீர்னு பெருசா ரெய்ஸ் பண்றாரா? உங்ககிட்ட இருக்கிறது வெறும் ஒரு ஜோடி. கீழ வைக்கக் கத்துக்கோங்க.

இன்னொண்ணு. ஏஸுக்கு மட்டும் ரெய்ஸ் பண்ணா குழந்தை கூட கண்டுபிடிச்சுடும். கிங், குயின், ஜாக் ஜோடி, ஏஸ்-கிங் எல்லாத்துக்கும் ஒரே அளவு ரெய்ஸ் பண்ணுங்க. ஜாக் ஜோடி வச்சிருந்தா 57% தடவை ஃப்ளாப்ல அதைவிடப் பெரிய சீட்டு விழும். அப்புறம் பயந்துகிட்டே ஆடறதுக்கு முன்னாடியே விலை வைக்கறது மேல்.

நான் மாறின பிறகும் ஏஸ் தோத்துருக்கு. 85%ன்னா மிச்சம் 15% இருக்கே! ஆனா அப்போ தோத்தது சீட்டு. முன்னாடி தோத்தது நான். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச அன்னிக்குத்தான் ராசியைப் பத்திப் புலம்பறதை நிறுத்தினேன். வீட்டம்மாவுக்கும் நிம்மதி :-)