கணக்கு அறிந்தார், கண்ணீர் அறிந்தாரில்லை!

மேல்நாட்டுப் பேராசிரியர் இருவர், பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்போர், 1990ஆம் ஆண்டில் ஒரு கருத்தை எழுதினர். தன் மனத்தில் எழும் உணர்ச்சி இன்னதென அறிவதும், எதிரே நிற்பவன் மனத்தில் ஓடுவது இன்னதென உணர்வதும், அதற்கேற்ப நடப்பதும் ஒருவகை அறிவே என்றனர். உணர்ச்சி நுண்ணறிவு என்று அதற்குத் தமிழில் பெயர். 1995இல் டேனியல் கோல்மன் என்பார் அதைப் புத்தகமாக்கினார். புத்தகம் உலகெங்கும் விற்றது. இன்று கம்பெனி முதலாளிகளும், அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவோரும் அந்தச் சொல்லை ஓயாது உச்சரிக்கின்றனர்.

ஆலை வாயிலிலே நின்று, சக தொழிலாளியின் முகம் பார்த்தே, 'இன்று இவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை' என்று கண்டுகொள்ளும் தோழனுக்கு இது புதிய சேதியல்ல! ஆனால் சர்க்கார் மேசைக்கு இந்த அறிவு வேண்டுமா, வேண்டாமா? 'சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. நடுவே மனம் எதற்கு?' என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. அவர்களை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்வோம், வாருங்கள்.

அந்த நாட்டில் வேலையற்றோருக்கும் வறியோருக்கும் சர்க்கார் உதவிப்பணம் உண்டு. உதவியை அதிகமாகப் பெற்றவர் யார் என்று கண்டுபிடித்து வசூலிக்க, 2015இல் சோதனையாகத் தொடங்கி, 2016இல் முழுவீச்சில் ஒரு திட்டம் வந்தது. 'ரோபோடெட்' என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தனர். இயந்திரம் எழுதும் கடன் என்று பொருள்.

இயந்திரம் போட்ட கணக்கைக் கேளுங்கள். ஒருவன் ஓராண்டில் ஈட்டிய மொத்த ஊதியத்தை வருமானவரி இலாகாவிடமிருந்து பெறும். அதை 26 ஆல் வகுக்கும். ஆண்டுக்கு இருவாரங்கள் 26 அல்லவா! ஆறு மாதம் உழைத்து 26,000 டாலர் ஈட்டி, மறு ஆறு மாதம் வேலையின்றி உதவிப்பணத்தில் காலம் தள்ளியவன் கணக்கில், ஆண்டு முழுவதும் இருவாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்துக்கொண்டே உதவியும் பெற்றவன் ஆகிவிடுவான். ஆறு மாதம் உண்டவன், ஆறு மாதம் பட்டினி கிடந்தவன். சராசரி போட்டால் ஆண்டெல்லாம் அரை வயிறு நிறைந்தது என்கிறது கணக்கு! பட்டினி கிடந்த நாட்களுக்கு அவன் வாங்கிய உதவி, இப்போது அவன்மீது கடன்!

முன்பு இந்த வேலையை மனிதர்கள் செய்தனர். சந்தேகம் வந்தால் வேலை கொடுத்தவரிடம் விசாரித்தனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 என்றிருந்த விசாரணை, இயந்திரம் வந்தபின் வாரத்துக்கு 20,000 கடிதம் என்று பெருகிற்று. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஏழையின் தலையில் ஏற்றப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்திய சம்பளச் சீட்டைக் கொண்டு வா என்றனர். மூடிப்போன கடையிடம், கைமாறிய ஓட்டலிடம் சீட்டுக்கு எங்கே போவான் கூலிக்காரன்? கடன்மீது பத்து சதவீதம் வசூல் கட்டணம் வேறு. தனியார் வசூல் கம்பெனிகள் கதவைத் தட்டின. இதற்கென அமைத்த உதவித் தொலைபேசியின் எண்ணைக்கூட முதலில் அனுப்பிய கடிதங்களில் அச்சிடவில்லை!

எவரும் எச்சரிக்கவில்லையா? இலாகாவின் சொந்த வழக்கறிஞர்களே 2014இல், இம்முறை சட்டத்துக்குப் பொருந்தாது என்று சொல்லியிருந்தனர். ஊழியர்கள் சொன்னார்கள். அழுகுரலைத் தொலைபேசியில் நாள்தோறும் கேட்டவர்கள் அவர்களல்லவா! அனுபவம் மிக்க பெண் ஊழியர் ஒருவர் 2017இல் இலாகாவின் செயலாளருக்கே எழுதினார். பலனில்லை.

2019 நவம்பரில் நீதிமன்றம் இம்முறைக் கடன் செல்லாது என்றது. சுமார் 4 லட்சத்து 33 ஆயிரம் பேர் மீது சுமத்திய கடன் ரத்தாயிற்று. பிடுங்கிய பணத்தைச் சர்க்கார் திருப்பித் தந்தது. ஆனால் உயிர்? கடன் கடிதம் பெற்றபின் தற்கொலை செய்துகொண்ட இளைஞரின் தாய்மார் விசாரணைக் கமிஷன் முன் சாட்சி சொன்னார்கள். முன்னாள் தலைமை நீதிபதி காத்தரின் ஹோம்ஸ் நடத்திய அந்த ராயல் கமிஷன், 2023 ஜூலையில் தந்த அறிக்கையில், திட்டம் கொடூரமானது, நியாயமுமன்று, சட்டபூர்வமுமன்று என்று எழுதிற்று. மிச்சம் பிடிக்கப் போன சர்க்காருக்கு மிஞ்சியது நஷ்டம்! மனம் இல்லாத கணக்கு, கணக்காகவும் தேறவில்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். உணர்ச்சி அறிவு என்றதும் நமது மேலதிகாரிகள், ஜன்னலருகே அமர்ந்த குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டு, 'சிரித்த முகத்தோடு பேசு' என்று ஒருநாள் வகுப்பெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஆர்லி ஹோக்ஷைல்ட் என்ற அம்மையார் 1983இல் எழுதினார்: வேலைக்காகச் சிரிப்பதும் ஓர் உழைப்பே, அதுவும் ஆளைத் தின்கிறது என்று. நாலு பேர் பார்க்கவேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டி, காலி இடத்தை நிரப்பாமல் வைத்துவிட்டு, அன்பாகப் பேசு என்றால் அது எப்படி வரும்? எரிந்து விழுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. எரிய வைத்தவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்கிறோம். ஆஸ்திரேலியாவில் மனம் இருந்தது. அது கீழ்ப்படியில் இருந்தது. மேல்படிக்குத்தான் காது இல்லை.

நம் வீட்டுச் சேதிக்கு வருவோம். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகங்களில் குறைதீர்க்கும் கூட்டம். மனு வாங்குகிறார்கள், முத்திரை குத்துகிறார்கள், 'தக்க நடவடிக்கைக்காக' என்று எழுதிக் கீழே அனுப்புகிறார்கள். எந்த அலுவலகம் கேட்கவில்லை என்று வந்தானோ, அதே அலுவலகத்துக்கே மனு திரும்பிப் போவதும் உண்டு. 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக்கொடுத்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பச்சைக் குழந்தைகளோடும் தீக்கிரையானான். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை, அவன் மூன்றாம் முறை வந்தபோதோ நான்காம் முறை வந்தபோதோ, 'இவன் முகத்தில் ஏதோ இருக்கிறது' என்று எழுந்து நின்று கேட்கும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

அதன்பின் நடந்தது என்ன? வாயிலில் போலீஸ் நிற்கிறது. மனுக்கொடுக்க வருவோரின் பையைத் துழாவுகிறது, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. உயிர் காக்க அது தேவையே, மறுக்கவில்லை. ஆனால் பையைத் திறந்து பார்க்கும் அந்த அக்கறையோடு மனுவைப் பிரித்துப் பார்த்தால் என்ன?

விதவைத் தாய்க்கும், முதியோருக்கும் மனு எழுதித் தந்து தாலுகா அலுவலகம் வரை கூடப் போகும் தோழர்கள் நம்மில் ஆயிரமாயிரம் பேர். அவர்கள் கேட்கவேண்டியது இது. ஒரே குறைக்காக ஒருவர் இரண்டாம் முறை வந்தால், அந்த மனு கீழே இறங்கக்கூடாது. மேலதிகாரி நேரில் அமர்த்திக் கேட்கவேண்டும். உதவியை நிறுத்தும் எந்தக் கடிதமும், நிறுத்தும் முன்னே ஒரு மனிதன் பார்த்துக் கையெழுத்திட்டதாக இருக்கவேண்டும். அந்தக் கடிதத்தில் அதிகாரியின் பெயரும், கூப்பிட்டால் எடுக்கும் தொலைபேசி எண்ணும் இருக்கவேண்டும்.