வால்வு எரிகிறது, பாட்டு இனிக்கிறதா?

"அண்ணே! இதை வாங்கலாமா?"

கேட்டவர் ஒரு வாலிபர். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார். திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தன் செல்போனை என்னிடம் நீட்டினார்.

அதில் ஒரு படம். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டியின் தலையில் இரண்டு கண்ணாடிக் குழல்கள். அவற்றுக்குள் செக்கச் சிவந்த வெளிச்சம். பார்க்க அழகுதான்!

விலை நாலாயிரத்துச் சொச்சம்.

"இது என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"வால்வு ஆம்ப்ளிபயர், அண்ணே. செல்போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் இதை மாட்ட வேண்டுமாம். பாட்டு அந்தக் காலத்து ரேடியோ மாதிரி கேட்குமாம். எங்கள் தாத்தா வீட்டில் அப்படி ஒரு ரேடியோ இருந்தது" என்றார்.

நாலாயிரம் ரூபாய் என்றால் அவருக்குப் பல நாள் உழைப்பு. வீட்டில் தங்கை படிக்கிறாள். ஆகவே, இந்தக் கேள்விக்கு விளையாட்டாகப் பதில் சொல்லக் கூடாது.

இப்படிப்பட்ட பெட்டிகளை இப்போது பலர் வாங்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை கேட்கலாம். அதனால் என் பதிலை எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

மலிவு விலை வால்வு ஆம்ப்ளிபயர் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவை இல்லை. ஏன்? கேளுங்கள்.

வால்வு என்றால் என்ன?

வால்வு என்பது காற்றை வெளியே எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குழல். அதற்குள் ஒரு கம்பி பழுக்கக் காய்கிறது. அந்தச் சூட்டினால் எலெக்ட்ரான் என்னும் நுண்ணிய மின் துகள்கள் கிளம்புகின்றன. எதிரே இருக்கும் தகட்டை நோக்கி அவை பாய்கின்றன.

நடுவில் ஒரு கம்பி வலை இருக்கிறது. பாட்டின் மின்சாரம் இந்த வலைக்கு வருகிறது.

ஒரு அணையின் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையைக் கொஞ்சம் தூக்கினால் தண்ணீர் பாய்ந்து வருகிறது. கொஞ்சம் இறக்கினால் அடங்குகிறது. வால்வுக்குள் இருக்கும் வலைதான் மதகுப் பலகை. வலையில் ஏற்படும் சின்ன மாற்றம், பெரிய ஓட்டத்தை ஆட்டி வைக்கிறது. சின்ன ஓசை பெரிய ஓசை ஆவது இப்படித்தான்.

1904-ல் இங்கிலாந்தில் ஜான் பிளெமிங் முதல் வால்வைச் செய்தார். அதில் வலை இல்லை. 1906-ல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் என்பவர் வலையைச் சேர்த்தார். பிறகு ஏறக்குறைய 50 ஆண்டுகள் உலகத்தின் ரேடியோ எல்லாம் வால்வை நம்பித்தான் பாடியது.

1947-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடு குறைவு. அளவு சிறிது. விலையும் நாளடைவில் குறைந்தது. வால்வு மெல்ல மெல்ல வீட்டை விட்டு வெளியேறியது.

தாத்தா வீட்டு ரேடியோ

சென்னை வானொலி நிலையம் 1938-ல் தொடங்கியது. திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கியது. அந்த ஒலியைக் கேட்க வால்வு ரேடியோ வேண்டும். வசதி உள்ளவர்கள்தான் வாங்க முடியும். வாங்கிய பிறகும் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும்.

ரேடியோ இல்லாதவர்கள் பஞ்சாயத்து ரேடியோவின் கீழே போய் உட்கார்ந்தார்கள். செய்தி கேட்டார்கள். இலங்கை வானொலி கிடைக்கும் இடங்களில் சினிமாப் பாட்டும் கேட்டார்கள்.

குமிழைத் திருகியதும் அது பாடாது. வால்வு காயும் வரை காத்திருக்க வேண்டும். வீடே காத்திருந்தது!

அந்தப் பாட்டு இனித்தது உண்மை. ஆனால் அதற்கு வால்வு மட்டும்தானா காரணம்?

இல்லை. அந்த ரேடியோவுக்குப் பெரிய மரப்பெட்டி இருந்தது. அகலமான ஒலிபெருக்கி இருந்தது. இரண்டும் சேர்ந்து கனமான குரலைக் கொடுத்தன. மத்திய அலையில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் பெரும்பாலும் வடிந்துவிடும். அதனால் பாட்டு மெத்தென்று கேட்டது.

இன்னொரு சங்கதி. டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் 1950-களில் பாடிய பாட்டுகள் பதிவானதே வால்வுக் கருவிகள் வழியாகத்தான். வால்வின் சாயல் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை இன்னொரு முறை வால்வில் ஊற்றி எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

குளத்தில் தண்ணீர் இல்லை

இப்போது அந்தச் சின்னப் பெட்டிக்கு வருவோம்.

பழைய ரேடியோவில் வால்வின் தகட்டுக்கு 200 வோல்ட், 250 வோல்ட் என்று மின்சாரம் போகும். இன்றைய பெட்டிகளில் அடிக்கடி காணப்படும் "12 ஏ.யு. 7" என்னும் வால்வையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தகடு 300 வோல்ட் வரை தாங்கும்.

ஆனால் மலிவுப் பெட்டிகளில் பலவற்றுக்கு 12 வோல்ட் அடாப்டர்தான் தருகிறார்கள். சில பெட்டிகளில் உள்ளேயே வோல்ட்டை உயர்த்தும் அமைப்பு உண்டு. பலவற்றில் அதுவும் இல்லை.

மதகுக் கதையை மறக்காதீர்கள். குளம் நிறைய தண்ணீர் இருந்தால், மதகைத் திறந்தவுடன் வாய்க்கால் ஓடும். குளத்தின் அடியில் முழங்கால் தண்ணீர் கிடந்தால், மதகைத் தூக்கி என்ன பயன்?

12 வோல்ட்டில் வால்வுக்கு மூச்சுத் திணறுகிறது. ஹெட்போனை முழங்க வைக்கும் வலிமை அதற்கு இல்லை. அதனால் பெட்டிக்குள் ஒரு சில்லையோ டிரான்சிஸ்டரையோ வைத்துவிடுகிறார்கள். ஹெட்போனை ஓட்டுகிற வேலையைச் செய்வது அதுதான். பேர் வாங்கிப் போவது வால்வு!

சிவந்த வெளிச்சம்? சில பெட்டிகளில் வால்வுக்கு அடியில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை மறைத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்ப்பது வால்வின் நெருப்பு அல்ல, விளக்கின் வெளிச்சம்.

திண்டுக்கல்காரர்களுக்கா சொல்ல வேண்டும்?

நம் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல் பூட்டை வாங்குகிறவர், மேல்தகட்டின் பளபளப்பைப் பார்த்து வாங்குவதில்லை. "உள்ளே எத்தனை லீவர்?" என்று கேட்டு வாங்குகிறார். லீவர் இல்லாத பூட்டு எவ்வளவு மின்னினாலும் பூட்டு ஆகுமா?

இந்தப் பெட்டியையும் அப்படியே கேளுங்கள். "உள்ளே வால்வுக்கு எத்தனை வோல்ட்? ஹெட்போனை ஓட்டுவது வால்வா, சில்லா?" விற்பவரிடம் பதில் இல்லை என்றால், நீங்கள் வாங்குவது விளக்கைத்தான்.

வால்வு விசிறிகள் சொல்வது

"வால்வின் ஒலியில் ஒரு இனிமை இருக்கிறது. அது உனக்குத் தெரியாது" என்று சிலர் என்னோடு சண்டைக்கு வரலாம்.

அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. நன்றாகச் செய்த வால்வுக் கருவி, பாடுகிற ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயியையும் லேசாகச் சேர்க்கும். கீழ் ஸட்ஜம் பாடினால் மேல் ஸட்ஜம் மெல்ல ஒலிக்கும். இரண்டும் ஒரே சுருதி. அதனால் காதுக்குச் சுகம். மேல்நாட்டுக் கிதார் வித்வான்கள் பலர் இன்றும் வால்வு ஆம்ப்ளிபயரை விடாததற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுக்காக ரஷ்யாவிலும் சீனாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இன்றும் வால்வு செய்கிறார்கள்.

ஆனால் மூச்சுத் திணறும் வால்வு, இனிமையை மட்டும் சேர்ப்பதில்லை. தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஓசையையும் கலந்துவிடும். அது கலக்கல். அதற்கு நாலாயிரம் ரூபாயா?

காது என்ன ஆகும்?

எனக்குப் பணத்தை விடப் பெரிய கவலை இதுதான்.

ஆம்ப்ளிபயரின் வேலையே ஒலியை உயர்த்துவது. கையில் இருந்தால் கூட்டத் தோன்றும். நம் வாலிபரோ மில் தொழிலாளி. ஸ்பின்னிங் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். எட்டு மணி நேரம் அந்த இரைச்சலைக் கேட்ட காது, வெளியே வந்ததும் ஓய்வைக் கேட்கிறது. அதற்குள் ஹெட்போனை மாட்டி இன்னும் உரக்க வைத்தால்?

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் சேர்த்தே 20 நிமிஷம்! குழந்தைகளுக்கு இன்னும் குறைவாக வைக்க வேண்டும்.

வால்வு போனால் வேறு வால்வு வாங்கலாம். காதுக்குள் இருக்கும் நுண்ணிய உணர்வு மயிர்கள் பட்டுப்போனால் மறுபடி முளைக்காது. எந்தக் கடையிலும் கிடைக்காது.

யார் வாங்கலாம்?

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை.

சில உயர்ரக ஹெட்போன்களின் மின்தடை 250 ஓம், 300 ஓம் என்று இருக்கும். செல்போன் அவற்றைச் சரியாக ஓட்டாது. அப்படிப்பட்ட ஹெட்போன் வைத்திருப்பவருக்கு ஆம்ப்ளிபயர் தேவை. அவர்கூட வால்வு இல்லாத நல்ல ஆம்ப்ளிபயரைக் குறைந்த செலவில் வாங்கலாம். நாம் கடையில் வாங்கும் சாதாரண ஹெட்போன் பெரும்பாலும் 16 ஓம் அல்லது 32 ஓம். அதற்குச் செல்போனே போதும்.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர், கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வாங்கலாம். அது படிப்புச் செலவு. ஆனால் எச்சரிக்கை! உயர்ந்த வோல்ட் உள்ள வால்வுக் கருவிகளில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. வால்வு சுடும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அடாப்டரில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. நண்பர் யாரிடமாவது இந்தப் பெட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு முறை பெட்டியோடும், ஒரு முறை பெட்டி இல்லாமலும் அதே பாட்டை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு முறையும் ஒலி ஒரே அளவில் இருக்க வேண்டும். ஏனென்றால், கொஞ்சம் உரக்கக் கேட்பது எதுவும் நமக்கு நன்றாக இருப்பது போலத் தோன்றும். பத்து முறை கேட்டு, எது எது என்று சொல்லுங்கள். சரியாகச் சொல்ல முடியாவிட்டால் பணத்தைப் பையில் வையுங்கள்.

கடைசியில் என்ன செய்தார்?

இதையெல்லாம் அந்த வாலிபரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தாத்தா ரேடியோ வைத்தால் நாங்கள் எல்லோரும் சுற்றி உட்காருவோம், அண்ணே. இப்போது வீட்டில் ஆளுக்கு ஒரு செல்போன். அதுதான்..." என்றார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவர் தேடியது வால்வை அல்ல. அந்தச் சுற்றி உட்கார்ந்த நேரத்தை! ஒருவர் காதுக்குள் மட்டும் பாடும் பெட்டி அதைத் திருப்பிக் கொடுக்குமா?

"தம்பி! ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறில் காதை நன்றாக மூடும் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். வெளி இரைச்சல் குறைந்தால் ஒலியையும் குறைத்து வைக்கலாம். மிச்சப் பணத்தில் சின்ன எப்.எம். ரேடியோ ஒன்று வாங்கி வீட்டு நடுவில் வையுங்கள். கொடைக்கானல் மலையிலிருந்து கோடைப் பண்பலை நம் ஊருக்குச் சும்மாவே வருகிறது. அதற்கு லைசென்ஸும் வேண்டாம். மீதியைத் தங்கையிடம் கொடுங்கள்" என்றேன்.

போன வாரம் அவரை மறுபடி பார்த்தேன். ரேடியோ வாங்கிவிட்டாராம். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாதான் அதைப் போடுகிறார்களாம்.

"ஹெட்போன்?" என்று கேட்டேன்.

"அடுத்த சம்பளத்தில், அண்ணே" என்று சிரித்தார்.